ஏட்டில் உள்ளதும் நெஞ்சில் உள்ளதும்

(திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபப் பெருவிழாவை ஒட்டி, இரமணாசிரமப் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்டால் முத்தி தரும் தலம், பிறந்தால் முத்தி தரும் தலம், இறந்தால் முத்தி தரும் தலம் என்று வகுத்துக் கூறிய நம் முன்னோர், நினைத்த மாத்திரத்தே முத்தி தரும் தலமாக இத்திருவண்ணாமலையை வைத்தனர். காண்பதற்குப் பயணம் வேண்டும். பிறப்பும் இறப்பும் நம் வசத்தன அல்ல. நினைப்பதற்கோ நெஞ்சு ஒன்றே போதும். ஆகலின் நினைவைப் பற்றிப் பேசுதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. கைபேசியை நம்பி வாழ்வதனால் நம் நினைவாற்றல் குன்றுகின்றதா என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்வோம்.

இவ்வச்சம் புதிதன்று. எழுத்து என்னும் கருவி வந்தபொழுதே இது பிறந்துவிட்டது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் நூல் ஒன்றில், எழுத்தைக் கண்டுபிடித்தவனை நோக்கி எகிப்து மன்னன் ஒருவன், 'இது மாந்தரை மறதியுடையோர் ஆக்கும்' என்று கூறியதாக ஒரு கதை வைத்துள்ளார். நம் நாட்டிலோ வேதத்தை எழுதாமறை என்றே போற்றினர். பதம், கிரமம், சடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓதும் முறைகளை வகுத்து, ஓரெழுத்தும் பிறழாமல் காத்தனர். அவ்வேத ஓதுமுறையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2003-இல் மானிடப் பண்பாட்டின் அரும்பேறு என அறிவித்தது. இதோ, அருகிலுள்ள இரமணாசிரமத்திலும் வேதபாடசாலை மாணவர்கள் நாள்தோறும் சந்நிதியில் பாராயணம் செய்வதை நாம் கேட்கின்றோம்.

அங்ஙனமாயின் ஏடு தீது, நெஞ்சே நன்று என்று முடித்துவிடலாமோ? அவ்வாறு முடித்தல் பொருந்தாது. திருமுறை கண்ட வரலாற்றைச் சிந்தித்தால் இவ்வுண்மை விளங்கும்.

மூவர் பாடிய பதிகங்களுள் சிலவற்றை யாரோ ஓதக் கேட்டு உள்ளம் உருகினான் சோழ மன்னன். அவன் முதலாம் இராசராசன் என்பர். எஞ்சியவை எங்கே என்று தேடினான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகளின் துணையால், தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் ஏடுகள் உள்ளன என்று அறிந்தான். திறந்து பார்த்தால் ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது! எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தபொழுது, அழிந்தவை போக எஞ்சியவையே கிடைத்தன. இன்று நாம் ஓதும் தேவாரம், ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள், அவ்வாறு எஞ்சியனவே. நாட்டார் நெஞ்சம் மறந்ததை ஏடு காத்தது. ஏடும் இழந்ததைக் கல் காத்ததும் உண்டு. திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அத்தலத்துக் கோயில் கல்வெட்டிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது.

ஆனால் கதை அவ்வளவில் முடியவில்லை. பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. ஓலையில் சொல்லைக் கீறலாம். இசையைக் கீற இயலுமோ? எருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஓர் அம்மையாரைத் தேடிச் சென்று, தில்லைக்கு அழைத்து வந்து, அவர்தம் நெஞ்சிலிருந்தே பண்களை வகுத்துக் கொண்டனர் என்று திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. சொல் ஓலையிலிருந்து வந்தது. உயிர் ஓர் அம்மையாரின் நினைவிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்று இல்லையாயினும் இன்று நமக்குத் தேவாரப் பண்ணிசை இல்லை. கைபேசியைப் பற்றிய நம் வினாவுக்கும் விடை இவ்வரலாற்றுக்குள்ளேயே இருக்கின்றது.

அறிவியலார் கூறுவதையும் கேட்போம். 2011-இல் அமெரிக்க ஆய்வாளர் பெட்சி ஸ்பாரோவும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சில செய்திகளைக் கணினியில் பதியச் செய்து, ஒரு சாராரிடம் 'இவை சேமிக்கப்படும்' என்றும், மற்றொரு சாராரிடம் 'இவை அழிக்கப்படும்' என்றும் கூறினர். அழிந்துவிடும் என்று எண்ணியவரே செய்திகளை மிகுதியாக நினைவில் கொண்டனர். வேறிடத்தில் உள்ளது என்று அறிந்தால் நெஞ்சம் தன் சுமையை இறக்கி வைத்துவிடுகின்றது. அவ்வாய்வின் மற்றொரு பகுதியை 2018-இல் வேறு அறிஞர்கள் மீளச் செய்து பார்த்தபொழுது அதே முடிவு கிட்டவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஒன்றைச் சேமித்து வைத்துவிட்டால், அடுத்ததைக் கற்பதற்கு மனம் இலேசாகின்றது என்று காட்டும் ஆய்வும் 2015-இல் வெளிவந்துள்ளது. ஆகவே கைபேசி மூளையையே கெடுத்துவிட்டது என்பார் கூற்று மிகையாகும். எதனை நினைவில் கொள்ளுமாறு நாம் நெஞ்சைப் பணிக்கவில்லையோ, அதனை நெஞ்சு கொள்வதில்லை. அறிந்து கூறக்கூடியது இவ்வளவே.

மற்றோர் ஆய்வு நம் ஓதுவார் மரபுக்குச் சான்று பகர்கின்றது. கார்பிக்கி, ரோடிகர் என்னும் இருவர் 2008-இல் வெளியிட்டது அது. மாணவர்க்குச் சுவாகிலி மொழிச் சொற்கள் நாற்பதனைப் பொருளுடன் கற்பித்தனர். கற்ற சொற்களையும் நூலை நோக்காது திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதை ஒப்பித்தனர். அவ்வாறு எடுத்துச் சொல்லாமல் மீண்டும் மீண்டும் படித்தே வந்தவர்க்கு மூன்றில் ஒரு பங்களவே நின்றது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் 'சுவடியை மூடிவிட்டுச் சொல்' என்றாரே, அதன் பயனை இப்பொழுது அளந்து காட்டுகின்றனர். தேடித் தேடி எடுக்குந்தோறும் நினைவு உறுதி பெறுகின்றது. கைபேசி நமக்குத் தேடும் உழைப்பை மிச்சப்படுத்துகின்றது. அவ்வுழைப்பால் வரும் உறுதியும் உடன் போகின்றது.

நம் அருளாளர் நினைவுக்கு எத்துணை வசதி செய்து தந்துள்ளனர் என்று பாருங்கள்! சம்பந்தர் பதிகம் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாடலில் இராவணன் வருவான், ஒன்பதாம் பாடலில் மாலும் அயனும் அடிமுடி தேடுவர், பத்தில் சமண பௌத்தர் பற்றிய குறிப்பு, பதினொன்றில் திருக்கடைக்காப்பு. எந்தப் பாடல் அடுத்து வரும் என்று தடுமாறும் நெஞ்சுக்கு இவை படிக்கட்டுகள். பகவான் இரமணர் அருளிய அட்சரமணமாலை 108 கண்ணிகளும் அகர முதலாக எழுத்து வரிசையில் தொடங்குகின்றன. அவர்தம் அன்பர்கள் அதனைப் பாடிக்கொண்டே இவ்வூர்த் தெருக்களில் பிச்சை ஏற்றனர். கையில் திருவோடு ஏந்தி நடப்பவனுக்கு ஏடு எதற்கு? பாட்டு நாவிலேயே இருந்தது.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று ஞானத்துக்கு நான்கு படிகளைச் சித்தாந்தம் வகுத்துள்ளது. கைபேசி கேட்டலைத் தரும். ஓதுவார் இல்லாத ஊரிலும், கடல் கடந்த நாட்டிலும், தேவாரத்தை வீட்டுக்குள் ஒலிக்கச் செய்கின்றதே, அது சிறு நன்மையோ? ஆயினும் கேட்டது நெஞ்சில் தங்கினால் அன்றோ அடுத்த படியாகிய சிந்தித்தல் நிகழும்? உள்ளே ஒன்றும் இல்லாதவன் எதனைச் சிந்திப்பான்? நடக்கும்பொழுதும், உறக்கம் வாராத இரவிலும், நோயுற்றுக் கிடக்கும்பொழுதும் தானே எழுந்து வரும் பாட்டே சிந்தனைக்குப் பொருளாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கும் பொருந்தும்.

உலகியலிலும் ஒன்று கூறுவோம். தீப நாளில் பல இலட்சம் மக்கள் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரள்கின்றனர். அக்கூட்டத்தில் கைபேசித் தொடர்பு தடைப்படலாம், மின்னேற்றம் தீர்ந்துபோகலாம். அக்கினி லிங்கத்தின் அருகே தாயைப் பிரிந்த பிள்ளைக்குத் தாயின் எண் தெரியுமா? முதியவர் ஒருவர்க்கு மகனின் எண் தெரியுமா? காவலர் தம் கைபேசியை நீட்டினாலும், அழைக்க வேண்டிய எண் நெஞ்சில் இல்லையேல் அது என் செய்யும்? இன்று இரவே வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இரண்டு எண்களையேனும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டுகின்றோம்.

இன்னும் ஒன்று. தீபத்தன்று மாலை, அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே எழுந்தருளிக் காட்சி தருவார். உடனே 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் தோன்றும். அந்நொடியில் கைகள் தலைக்குமேல் குவிவதற்குப் பதிலாகக் கைபேசிகள் உயர்கின்றன. லிண்டா ஹெங்கல் என்பார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தோர், வெறுமனே கண்டோரைவிடக் குறைவாகவே அவற்றை நினைவுகூர்ந்தனர். ஒரு பகுதியை அணுக்கமாக நோக்கிப் படம் எடுத்தோர்க்கோ அக்குறை நேரவில்லை. கருத்து ஊன்றி நோக்கியதே காரணம் என்க. நினைக்க முத்தி தரும் மலையின் எதிரே நின்று, நினைவை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்துத் திரும்புவது நமக்கு ஏற்புடைத்தா? தீபம் பதினொரு நாள் எரியும். படத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே கைபேசியை எறியுமாறு நாம் கூறவில்லை. கடைக்கணக்கையும் இரயில் நேரத்தையும் அதனிடம் விட்டுவிடுங்கள். பதிகத்தை அதிலே கேளுங்கள். பிறகு மூடிவைத்துவிட்டு ஓதுங்கள். பிழை நேர்ந்ததோ என்று பார்க்க மட்டும் மீண்டும் திறங்கள். வரும் மார்கழியில், மணிவாசகர் இத்தலத்தில் அருளிய திருவெம்பாவை இருபதனுள் நாளுக்கு ஒன்றாக நம் பிள்ளைகள் பாராமல் ஓதட்டும். பெற்றோரும் உடன் அமர்ந்து ஓதுவோமாக. கறையான் ஏடுகளை அரித்த காலத்தும் எருக்கத்தம்புலியூர் அம்மையார் நெஞ்சில் பண் இருந்தது. நம் இல்லங்களிலும் அத்தகைய நெஞ்சம் ஒன்றேனும் இருக்க அண்ணாமலையார் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.