ஊழியர் நலனும் ஊர் நலனும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



“வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை” என்னும் குறை நம் வட்டாரமெங்கும் கேட்கின்றது. தென்னந்தோப்பு உடையவரும், மாந்தோப்பு உடையவரும் இதையே கூறுகின்றனர். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்விப்போரும், தளவாய்புரத்தில் ஆடை தைப்பிப்போரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவிப்போரும் இவ்வாறே வருந்துகின்றனர். கூலியைச் சற்று உயர்த்திப் பார்த்தும் பயனில்லை என்பர் சிலர். ஆதலின், கூலிக்கு அப்பால் உழைப்பவர் எதை நாடுகின்றார் என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

ராஜபாளையத்தில் 1936ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் நூற்பாலையை நிறுவினார். அதன் பின்னர் இவ்வட்டாரத்தில் ஆலைகள் பல தோன்றின. ஆலையில் வேலை இலகுவானது அன்று. இரவு முறையும் உண்டு. ஆயினும் சிற்றூர் மக்கள் அதை விரும்பிச் சென்றனர். மாதந்தோறும் தவறாத ஊதியம், நோயுற்றால் மருத்துவம், முதுமைக்குச் சேமிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தமையே காரணம். மழை பொய்த்தால் கூலியும் பொய்க்கும் வாழ்வினருக்கு இவை எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை உழவராகிய நீங்கள் நன்கறிவீர்கள்.

இவ்வுரிமைகள் படிப்படியாகச் சட்டமாயின. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும், 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும், 1972இல் பணிக்கொடைச் சட்டமும் நிறைவேறின. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவற்றை ஒன்றாகத் தொகுத்துள்ளது.

கணக்கொன்று பார்ப்போம். மாத ஊதியம் 13,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலையில் வகுக்கப்பட்ட விகிதப்படி, ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிற்கு அவர் நூற்றுக்கு முக்கால் பங்காகிய 97 ரூபாய் 50 காசும், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் பங்காகிய 422 ரூபாய் 50 காசும் செலுத்த வேண்டும். இதற்கு ஈடாகக் குடும்பத்திற்கு மருத்துவம் உண்டு. நோயால் வேலைக்கு வர இயலாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு உண்டு. பணிக்கொடையோ, ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியமாகும். மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட்டால், ஓராண்டிற்கு 7,500 ரூபாய். பத்தாண்டு உழைத்தவருக்கு 75,000 ரூபாய். முதலாளிக்கு இது சிறிது சிறிதாகச் சேரும் செலவு. தொழிலாளிக்கோ மகளின் படிப்பிற்கும் வீட்டின் கூரைக்கும் உதவும் பெருந்தொகை.

“எம்மிடம் இருப்போர் நால்வரே, இச்சட்டம் எம்மைக் கட்டுப்படுத்தாதே!” என நீங்கள் வினவலாம். உண்மையே. ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிலையங்களுக்கும், வைப்பு நிதி இருபது பேருக்குக் குறையாத நிலையங்களுக்குமே உரியது. ஆயினும் சிறியோருக்கும் வழியுண்டு. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரியின் இரு காப்பீட்டுத் திட்டங்களை நோக்குங்கள். ஜீவன் ஜோதி திட்டத்திற்கு 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குட்பட்டோர் சேரலாம். விபத்துக்கான சுரக்ஷா திட்டத்திற்கு 20 ரூபாய். 70 வயது வரை சேரலாம். உறுப்பினர் இறப்பின் ஒவ்வொன்றிலும் குடும்பத்திற்கு இரண்டு இலட்சம் ரூபாய். பின்னதில் மரணம் விபத்தால் நேர்ந்திருக்க வேண்டும். ஆக 456 ரூபாயில் ஒரு குடும்பத்திற்குக் காவல் அமைகின்றது. மே மாத இறுதியில் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் பணம் இல்லையேல் காப்பீடு அற்றுப்போகும். அம்மாதம் அத்தொகையை அவர் கணக்கில் நீங்களே செலுத்தலாகாதா? தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடும் உண்டு. அதன் கட்டணத்தில் பெரும்பங்கை வாரியமே ஏற்கின்றது. தோப்புடையோர் மீதியைத் தாம் செலுத்தினால், மரமேறுபவர் அத்தோப்பை எளிதில் மறவார்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். நன்மை என்ற பெயரால் ஆளைக் கட்டிவைத்தலும் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழகத்து நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என ஒன்று பரவியது. இளம்பெண்கள் விடுதியில் தங்கி மூன்றாண்டளவு உழைத்தால் முடிவில் மொத்தத் தொகை. அது திருமணத்திற்கு உதவும் என்றனர். ஆனால் அத்தொகை பெரும்பாலும் அவர்களுடைய ஊதியத்தினின்று நிறுத்தி வைக்கப்பட்டதே. நோயுற்று இடையில் வீடு திரும்பிய பெண் பலவிடத்து அதை இழந்தாள். இது கொடை அன்று. உழைத்த கூலியைப் பிணையாக வைத்தலேயாகும். மகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: “மாத ஊதியம் முழுமையாக அவள் கைக்கு வருமா?”

நலத்திட்டம் மட்டும் போதுமா எனின், போதாது. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் தொழிலாளருக்குப் பள்ளியும் குடியிருப்பும் அமைத்துப் புகழ் பெற்றிருந்தன. ஆயினும் அங்குள்ள தொழிலாளரே 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர். 1921இல் பெரும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. தக்க ஊதியமும் மதிப்பும் இல்லாதவிடத்துப் பள்ளியும் வீடும் மனக்குறையைத் தீர்க்கா என்பதை இதனால் அறியலாம்.

இனி, ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். தூய்மைப் பணியாளரும் குடிநீர்த் தொட்டி இயக்குநரும் உங்கள் ஊழியர்களே. அவர்தம் ஊதிய விகிதத்தை வகுப்பது அரசு. ஆனால் குறித்த நாளில் ஊதியம் சேர்கின்றதா எனக் கண்காணித்தலும், கையுறையும் காலணியும் தட்டாமல் கிடைக்கச் செய்தலும், காப்பீட்டிலும் நலவாரியத்திலும் அவர்கள் பெயர் பதிவாகியுள்ளதா எனப் பார்த்தலும் உங்கள் கையில் உள்ளவை. ஊர்ச் சாக்கடையைத் தூய்மை செய்பவருக்கு மருந்திற்கு வழியில்லை எனின், அது அவ்வூருக்கே குறையன்றோ?

அடுத்த மன்றக் கூட்டத்தில் ஊழியர் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊதிய நாள், காப்பீடு, நலவாரியப் பதிவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். உழவர்களும் சிறுதொழில் செய்வோரும் தம் ஏட்டில் அவ்வாறே எழுதுக. வெற்றிடம் எங்குள்ளதோ அங்கிருந்து பணியைத் தொடங்குங்கள் என வேண்டி அமைகின்றேன்.