தெளிவாக இருக்கும் குடுவையையும் சோதியுங்கள்



நாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி மருந்தை ஒரு காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள். பின்னர் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கு மாறினார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ‘வீரோ’ எனப்படும் குரங்குச் சிறுநீரக செல்களில் அதைத் தயாரித்திருக்கிறது. மருந்துக்கு அடிப்படையான அந்த செல்கள் சுத்தமானவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செல்களைச் சத்து திரவத்தில் ஊறவைத்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்க்கிறார்கள். பாக்டீரியாவுக்கும் அது விருந்துதான். சாதாரண பாக்டீரியா புகுந்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். சிவந்த திரவம் கலங்கி மஞ்சளாகும்; குடுவையை அழித்துவிடுவார்கள்.

மைக்கோபிளாஸ்மா அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. மிகச் சிறிய பாக்டீரியா அது. அதற்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைக் குறிவைக்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்வதில்லை. நுண்ணிய வடிகட்டியிலும் நுழைந்து வெளியே வந்துவிடும். ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் பெருகினாலும் திரவம் தெளிவாகவே இருக்கும். செல்களும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அவற்றின் உணவைப் பறித்து, இயல்பையே அது மாற்றிவிடுகிறது. அத்தகைய செல்களில் சோதித்த புற்றுநோய் மருந்தின் முடிவை எப்படி நம்புவது? செல்களில் மைக்கோபிளாஸ்மா தொற்றுவதை 1956-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். மனித வாயிலிருந்தும், செல்களுக்கு ஊட்டும் மாட்டுச் சீரத்திலிருந்தும் இது வருகிறது. ஆனாலும், பாதிக்கப்பட்ட பழைய குடுவையிலிருந்து புதியதற்குத் தொற்றுவதே அதிகம்.

கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு. திரவத்தில் ஒரு துளியை அகார் தட்டில் இட்டு வளர்த்தால், நுண்ணோக்கியில் சின்னச் சின்ன ‘ஆஃப் பாயில்’ முட்டைகள்போலக் கூட்டங்கள் தெரியும். நம்பகமான சோதனைதான், ஆனால் 28 நாள் காத்திருக்க வேண்டும். டி.என்.ஏ.வில் ஒட்டும் சாயம் இட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. சுத்தமான செல்லில் உட்கரு மட்டும் நீலமாக ஒளிரும். மைக்கோபிளாஸ்மா இருந்தால் உட்கருவைச் சுற்றிலும் நீலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பி.சி.ஆர். சோதனையோ சில மணி நேரத்தில் விடை சொல்லிவிடும்.

எதைச் செய்தாலும், அதற்கு முன் சில நாள்கள் ஆன்டிபயாடிக் கலக்காமல் செல்களை வளர்ப்பது அவசியம். மருந்து கிருமியைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைத்திருந்தால், சோதனையில் அது சிக்காமல் போகும். எப்போதும் ஆன்டிபயாடிக் கலந்தே வளர்க்கும் பழக்கம் பாதுகாப்பல்ல, ஆபத்து என்பேன்.

ஆய்வகத்தில் சேரப்போகும் மாணவ நேயர்களே, வெளியிலிருந்து வரும் செல்கள் யார் கொடுத்தவையானாலும் தனி இன்குபேட்டரில் வையுங்கள். சோதனை முடிவு கைக்கு வரும்வரை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.