பனிக்கடி

சுன்னாகம் சந்தையிலே மார்கழி மாதத்து விடியற்காலையில் மரக்கறி மூட்டைகளை இறக்குவோர் தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு, கைகளை ஒன்றோடொன்று தேய்த்து, சுடச்சுடத் தேநீர் அருந்துவர். அவ்வூர் அறிந்த குளிர் அவ்வளவே. கையைத் தேய்த்தாற் சூடு பிறக்கும். அடுப்பருகே அமர்ந்தாற் குளிர் அகலும். தலைமுறை தலைமுறையாக வந்த இவ்வறிவு அம்மண்ணுக்கு முற்றிலும் பொருந்தியதே.

ஆனால், 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டுக் குடும்பங்கள் பல கனடா, நோர்வே முதலிய தேசங்களில் வேரூன்றின. ரொறன்ரோ நகரத்திலே தை மாதத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் நாட்களும் உண்டு. அங்கே பேருந்துக்காகக் காத்துநின்ற மகன், தன் விரல்கள் வெளுத்து மரத்துப் போயின என்று தொலைபேசியிற் கூறுகிறான். சுன்னாகத்துத் தாய், "நல்லெண்ணெய் பூசி நன்றாகத் தேய் ராசா; நெருப்பிலே காட்டு" என்கிறாள். அன்பிற் பிறந்த அச்சொல், அவன் விரலையே இழக்கச் செய்தல் கூடும்.

அதன் காரணம் யாது? கடுங்குளிர் தாக்கும்போது, உடல் தன் நடுப்பகுதியின் வெப்பத்தைக் காக்கும் பொருட்டுக் கைகால்களின் குருதிக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் விரல், மூக்கு, காது, கன்னம் ஆகிய விளிம்புகளே முதலிற் குளிர்கின்றன. குளிர் மிகும்போது தசையிலுள்ள நீர் உறைந்து நுண்ணிய பனிப் பளிங்குகளாகிறது. அவை உயிரணுக்களைச் சிதைக்கின்றன. குருதியும் குழாய்களிற் கட்டிப்படுகிறது. இதுவே பனிக்கடி. முதலில் ஊசி குத்துவது போன்ற வலி தோன்றும். பின்னர் வலி மறையும். தோல் வெளுத்து மெழுகு போலாகும். வலி நின்றுவிட்டதென்று மகிழ்வது பெருந்தவறு. உணர்ச்சி மாண்டதனாலேயே வலி நின்றது.

இந்நிலையில் அவ்விடத்தைத் தேய்த்தால், மென்மையான தசை மேலும் சிதையும். நெருப்பிற் காட்டினாலோ, மரத்த தோல் சூட்டை உணராது, வெந்தபின்னரே தெரியவரும். தவிட்டு ஒத்தடமும் சுடுநீர்ப் போத்தலும் அத்தகையனவே.

இப்பிழை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1812இல் நெப்போலியனின் சேனை உருசியாவிலிருந்து பின்வாங்கியபோது, உறைந்த கால்களை வீரர்கள் இரவிலே நெருப்பிற் காய்ச்சி, பகலிலே மீண்டும் பனியில் நடந்து அழிந்ததைச் சேனை வைத்தியர் இலாரே கண்டார். நெருப்பு ஆகாதென்று அவர் கண்டது மெய்யே. ஆயின், பனிக்கட்டியால் மெல்லத் தேய்க்க வேண்டுமென அவர் கூறியது பிழையாயிற்று. அப்பிழை நூறாண்டுக்கு மேலும் நிலைத்தது. 1960ஆம் ஆண்டளவில் அலாசுக்காவில் வில்லியம் மில்சு என்னும் வைத்தியர், வெதுவெதுப்பான நீரில் விரைவாக உருக்குவதே நன்றென எடுத்துக்காட்டினார்.

ஆகவே செய்யத்தக்கது இது. முதலில் காற்றில்லாத இடத்தை அடைதல் வேண்டும். ஈர ஆடையையும் மோதிரங்களையும் அகற்றுக. உறைந்த பகுதியை 37 முதல் 39 பாகை வரை வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமிழ்த்துக. குழந்தையைக் குளிப்பாட்டுமுன் தாய் முழங்கையால் நீரின் சூட்டை அறிவாள் அன்றோ? அவ்வாறே, மரக்காத கையொன்றால் நீரைச் சோதித்தல் வேண்டும். தோல் சிவந்து இளகும்போது வலி கடுமையாக எழும். அது குருதி திரும்புவதன் அறிகுறி. கொப்புளங்களை உடைக்கலாகாது. விரல்களுக்கிடையே உலர்ந்த துணியை வைத்து, தாமதியாது வைத்தியசாலையை அடைக. குருதிக் கட்டிகளைக் கரைக்கும் மருந்துகள் முதல் நாளுக்குள் கொடுத்தாலே நற்பயன் தரும். கடும் பனிக்கடிக்கென இலோபுரொசுற்று என்னும் மருந்தை ஐக்கிய அமெரிக்கா 2024இல் அங்கீகரித்தது.

மீண்டும் உறையும் அபாயம் இருப்பின், உருக்காமலே விடுவது நன்று. உருகி மறுபடி உறைந்த உறுப்புப் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வருமுன் காப்பது இதனினும் எளிது. தடித்த ஓர் உடையினும் மெல்லிய பல உடைகள் நன்று. விரல்கள் தனித்தனியே நிற்கும் கையுறையினும் சேர்ந்திருக்கும் கையுறை வெப்பம் காக்கும். காலுறை ஈரமானால் உடனே மாற்றுக. இறுக்கமான சப்பாத்து ஆகாது. மது உடலைச் சூடாக்குவது போலத் தோன்றி, உள்வெப்பத்தை வெளியேற்றும்; புகையிலை குருதிக் குழாய்களைச் சுருக்கும். நீரிழிவு உள்ளோர்க்குக் கால் உணர்ச்சி குறைவாதலால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். காற்று வீசுமாயின், சில நிமிடங்களிலேயே வெறுந்தோல் உறைதல் கூடும்.

பனி இல்லாத நாட்டுக்கு இவ்வறிவு எதற்கு என வினவுவோரும் உளர். 2022ஆம் ஆண்டு மார்கழியில், புயலோடு வந்த குளிர்காற்றிலும் மழையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மாண்டன. அங்கே நீர் உறையவில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து உடலின் வெப்பத்தைப் பறித்தன. மனிதனுடைய உள்வெப்பமும் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், தடுமாற்றம், குழறிய பேச்சு என்பன தோன்றும். நடுக்கம் நின்றால் ஆபத்து மிகும். வெள்ளத்தில் நனைந்த முதியவரையும் குழந்தையையும் முதலில் உலர்த்திப் போர்த்துவதே உயிர்காக்கும் செயல்.

அடுத்தமுறை கடல்கடந்து தொலைபேசி ஒலிக்கும்போது, சுன்னாகத்துத் தாய் சொல்லவேண்டியது இவ்வளவே: "தேய்க்காதே ராசா, நெருப்பிலே காட்டாதே. இளஞ்சூட்டு நீரிலே வை, வைத்தியரிடம் போ." அன்பு பழையதே, அதனுடன் அறிவும் சேர்ந்தால் விரல்கள் பிழைக்கும்.