கணுவில் முள்ளை எண்ணுங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். படித்தது தாவரவியல், பிறகு பி.எட். படிப்பை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் பேசப்போவது, தாவரவியல் படித்த ஒருத்தி செய்த தவறைப் பற்றி.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரி மதகிலிருந்து வரும் வாய்க்கால் ஓரமாக அழைத்துப் போனேன். சேற்றோரம் ஊதாப் பூவும் முள்ளுமாக ஒரு செடி. "இது கண்டங்கத்திரி, எழுதிக்குங்க" என்றேன். ஒரு மாணவி மட்டும், "டீச்சர், எங்க ஆயா இத நீர்முள்ளினு சொல்லும்" என்றாள். "ஆயா சொல்றது இருக்கட்டும், நான் சொல்றத எழுது" என்றேன். எழுதினாள். அதற்குப் பிறகு பல நாள் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பேருந்துக்கு நின்றபோது, காலடியில் காய்ந்த மண்ணில் உண்மையான கண்டங்கத்திரி படர்ந்திருந்தது. பார்த்ததும் சுருக்கென்றது. அது தரையோடு படரும். இலை மேலேயே முள் இருக்கும். பூ ஐந்து மடலாக விரிந்து நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் நிற்கும். வாய்க்காலில் நான் பார்த்ததோ நிமிர்ந்து நின்ற செடி. நிறத்தையும் முள்ளையும் பார்த்தேனே தவிர, செடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைகளுடன் மீண்டும் போனேன். அந்த மாணவியை முன்னால் நிறுத்தி, "நான் சொன்னது தப்பு, உங்க ஆயா சொன்னதுதான் சரி. எப்படினு எல்லாரும் பார்க்கலாம்" என்றேன். கிளை விடாத தண்டு. கணுவுக்குக் கணு வட்டமாக நீண்ட இலைகள்; அவற்றின் கக்கத்தில் நேரான முட்கள். புத்தகத்தில் கணுவுக்கு ஆறு முள் என்று இருக்கிறது. பிள்ளைகள் குத்துப்பட்டுக்கொண்டே எண்ணினார்கள், பெரும்பாலும் ஆறுதான் வந்தது. பூக்களும் கணுவை ஒட்டியே கொத்தாக இருந்தன. ஒரு பூவைப் பிரித்தால் மேலுதடு இரண்டு மடல், கீழுதடு மூன்று மடல். உதடு பிரிந்த அந்தப் பூவையும் விண்மீன் போன்ற கண்டங்கத்திரிப் பூவையும் பக்கத்தில் வைத்துவிட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது.

ஆடாதோடை, நிலவேம்பு, நாம் தலையில் வைக்கும் கனகாம்பரம் எல்லாம் நீர்முள்ளியின் குடும்பம்தான். பெயர் தேடும்போது ஒரு சிக்கல் வரும். பழைய நூல்களில் அஸ்டராகாந்தா லாங்கிஃபோலியா என்றும், பின்னால் வந்தவற்றில் ஹைக்ரோஃபிலா ஆரிகுலேட்டா என்றும் இருக்கும். இரண்டும் ஒரே செடி. கைப்பேசிச் செயலி ஒரே செடிக்கு இரண்டு பெயர் காட்டினால் பதறாதீர்கள். ஆனால் செயலிக்குப் பூவை மட்டும் படமெடுத்துக் கொடுத்தால் போதாது. கணுவையும் எடுங்கள்.

முற்றிய விதை கிடைத்தால் கொஞ்சம் தண்ணீரில் போடுங்கள். சற்று நேரத்தில் கொழகொழவென்று பசையாகிவிடும். எங்கள் வகுப்பில் அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை!

சித்த மருத்துவத்தில் விதை, வேர் எல்லாம் பயன்படுகின்றன. இதை வகுப்பில் சொல்லலாம். "வீட்டில் காய்ச்சிக் குடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆசிரியரே பெயரை மாற்றிச் சொல்லும் இடத்தில் அது விளையாட்டு இல்லை.

வாய்க்காலைத் தூர்வாரும்போது ஆகாயத்தாமரையையும் நீர்முள்ளியையும் ஒரே குப்பையாக அள்ளிக் கரையில் போடுகிறார்கள். முன்னது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீரை மூடுவது. பின்னது இந்த மண்ணுக்கே உரியது. அதைப் பிள்ளைகள் இப்போது வேலை செய்பவர்களிடமே போய்ச் சொல்கிறார்கள். சில நேரம் திட்டும் வாங்குகிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு செடிப் பதிவேடு இருக்கிறது. அதில் "சொன்னவர்" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். முதல் வரியில் நீர்முள்ளி, எதிரில் "ஆயா" என்று அந்த மாணவியே எழுதினாள். இப்போது பதினேழாவது வரியில் நிற்கிறோம். வரப்போரம் சின்ன வெள்ளைப் பூ, எதிரெதிர் இலை, தண்டில் மெல்லிய ரோமம். பெயர் கிடைக்கவில்லை. செடியைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.