பட்டறை நிழலில் படுத்த நாய்

நாய், பூனையின் வயிற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். தீனி, தண்ணீர், பூச்சி மருந்து, தடுப்பூசி என்று வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பக்கம் கால்நடை மருத்துவம் பார்த்தவனுக்கு, நாயின் வயிறு என்றாலே சின்ன வெங்காயம்தான் ஞாபகத்துக்கு வரும். அதிலேயே தொடங்கிவிடுகிறேன்.

பெரம்பலூர் வெங்காயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடுங்கி, தாள் அறுத்து, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். காவலுக்கு ஒரு நாய். வெயில் ஏறினால் அது படுப்பது அந்தப் பட்டறை நிழலில்.

அப்படி ஒரு நாயை ஒரு பெரியவர் எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். "மூணு நாளா வாந்தி, கழிச்சல் டாக்டர். நேத்துலேர்ந்து காப்பித்தண்ணியாட்டம் ஒண்ணுக்குப் போவுது" என்றார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைவெளேர் என்றிருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றே முடிவு கட்டினேன். நம் பக்கத்தில் உண்ணி இல்லாத நாய் ஏது? ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உண்ணிக் காய்ச்சல் கிருமி ஒன்றுகூட இல்லை. சிவப்பணுக்களின் ஓரத்தில் சின்னச் சின்ன மொட்டுகள்தான் தெரிந்தன. ஹெயின்ஸ் மொட்டுகள் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஐயா, என்ன போட்டீங்க இதுக்கு?"

"நாம திங்கறதுதாங்க. தாள் அறுக்க ஆள் வுட்டப்ப கறிக்குழம்பு வெச்சோம். மிச்சத்த சோத்துல பெசஞ்சு ரெண்டு வேளை வெச்சேன்."

"வெங்காயம் நெறையவோ?"

சிரித்துவிட்டார். "நம்மூர்ல வெங்காயத்துக்கா பஞ்சம்?"

வெங்காயத்தின் காரத்தைக் கொடுக்கும் கந்தகப் பொருட்கள்தான் இங்கே வில்லன். நம் ரத்தம் அதைத் தாங்கும், நாய் ரத்தம் தாங்காது. சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபின் கெட்டு அந்த மொட்டுகளாகத் திரண்டு, அணு உடைந்து, சிறுநீரில் சிவப்பாக இறங்கும். முதலில் வயிறுதான் காட்டிக்கொடுக்கும், வாந்தியும் கழிச்சலுமாக. ரத்தம் உடைவது இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும். அதற்குள் என்ன தின்றது என்பதே வீட்டில் மறந்துபோயிருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும் இதற்கு. பூனைக்கு இன்னும் மோசம், கிலோவுக்கு 5 கிராம். மூன்று கிலோ பூனைக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வதக்கினாலும் வேகவைத்தாலும் விஷம் போகாது. பூண்டும் அந்தக் குடும்பம்தான்.

அந்த நாய் பிழைத்தது. ஈறு சிவக்க இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று.

இதை ஒரு வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு ஆயா கேட்டார், "அப்ப நாய்க்குத் தனி உலையா வெக்கச் சொல்ற?" தேவையில்லை ஆயா. கறி கழுவியதும் நாய் பங்கைத் தனியாக எடுத்து உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கிச் சோற்றில் பிசைந்தால் முடிந்தது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், அதனால்தான் எலும்பு வேண்டாம் என்கிறேன். சோறு போடுவதில் தப்பில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு என்று 2013இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மனிதன் வீட்டுச் சோற்றைத் தின்று தின்று வந்த மாற்றம் அது என்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இது!

பூனைக்கு அந்த யோகம் இல்லை. அது முழுக்க மாமிசப் பிராணி, வெறும் பால் சோற்றில் காலம் தள்ளாது. பூனைக்குப் பால் என்பது நாம் கட்டிவிட்ட கதை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, குடித்த அன்றே கழியும். வேகவைத்த மீன், கோழி, முட்டை கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு.

கடிகாரம் என்னை முறைக்கிறது, மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்க வேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்கிற தேதிகளில் அடுத்தடுத்த ஊசிகள். தடுப்பூசி போடாத குட்டி ரத்தமாகக் கழிந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் குட்டி இருக்காது. நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் போடவே கூடாது. பாரசிட்டமால் ஒன்று போதும், பூனை செத்துவிடும்.

அந்தப் பெரியவரைப் போன மாதம் சந்தையில் பார்த்தேன். இப்போதெல்லாம் கறி எடுத்த அன்று, "நாய்ப் பங்கை எடுத்தாச்சா?" என்று பேத்தி கேட்ட பிறகுதான் சட்டியில் வெங்காயம் விழுகிறதாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேத்தி இருப்பாள் என்று நம்புகிறேன்.