ரத்தம் உறையாத மாத்திரையும் கஞ்சாப் பழக்கமும்

(திருத்தங்கல் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியவர்களுக்கும் டாக்டர் வார்ஃபரின், அசிட்ரோம் என்ற மாத்திரைகளைக் கொடுக்கிறார். இதைச் சாப்பிட்டால் ரத்தம் தண்ணியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ரத்தம் உறைய நேரம் கூடுகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தை ஐ.என்.ஆர். என்ற சோதனையால் அளக்கிறோம். மாத்திரை சாப்பிடாதவருக்கு 1. இவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதல். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். ஏறினால் உள்ளே கசியும்.

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். "அது மூலிகைதானே, என்ன செய்யப் போகுது?" என்று கேட்பாக. இந்த மாத்திரையைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். கஞ்சாவிலுள்ள சத்து அந்த வேலையை மந்தப்படுத்துகிறது. சாப்பிட்டது பழைய அளவுதான். உடம்பில் தங்குவதோ அதிகம். புகையானாலும் சரி, லேகியம் என்று உருட்டிக் கொடுத்தாலும் சரி.

2009-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியின் விவரம் வெளியானது. பல ஆண்டுகளாக வார்ஃபரின் சாப்பிட்டு வந்தவர், கஞ்சா புகைப்பதைக் கூட்டினார். ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியது; வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

பல் ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பு கன்றிப்போவது, தார் மாதிரி கறுத்த மலம், சிவந்த சிறுநீர், இதில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அச்சாபீஸ் கட்டிங் மிஷினில் கைபட்டு ரத்தம் நிற்காவிட்டாலும், தலையில் அடிபட்டாலும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க. உடம்பு வலிக்குக் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் இவர்களுக்கு ஆகாது.

1985-ம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா குற்றம். அந்தப் பயத்தில் டாக்டரிடம் மறைக்கிறார்கள். போலீசில் சொல்வதற்காக அவர் கேட்கவில்லை, மாத்திரை அளவைக் கணக்கிடத்தான் கேட்கிறார். வீட்டுக்காரர் சொல்ல மாட்டேன் என்றால் நீங்க கூடப்போய்ச் சொல்லலாம்.

மாத்திரை சாப்பிடும் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. தீட்டு தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்க. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கஞ்சாவை விடுகிறவரும் டாக்டரிடம் சொல்லிவிட்டே விட வேண்டும். விட்டதும் கல்லீரல் பழையபடி வேலை செய்யும், ஐ.என்.ஆர். இறங்கும். சில நாளிலேயே மறுபடி ரத்தச் சோதனை செய்து, மாத்திரை அளவை அவர் மாற்றித் தருவார்.