கதிரவன் தரும் மின்சாரமும் கைத்தொழிலாளர் பெறும் சான்றும்

(சுரண்டையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கு மின்சாரத்தைக் குறித்துப் பேச யாது உரிமை என்று உங்களுள் சிலர் கருதக்கூடும். அங்ஙனம் கருதுதல் முறையே. ஆயினும், எம்பால் இலக்கணம் கற்றுச் சென்ற பிள்ளைகளுள் பலர் இன்று ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பயிற்சி முடித்து, ஏணியும் துளைக்கருவியும் சுமந்து, பிறர் வீட்டுத் தட்டட்டிகளில் சோலார் பேனல் மாட்டும் வேலையில் நாட்கூலி பெற்று வருகின்றனர். வெயிலில் நின்று உழைப்பவர் இவர். விலைச்சீட்டில் விளங்கும் பெயரோ வெளியூராருடையது. இவர்கள் தம் பெயராலேயே இத்தொழிலை நடத்தத் தடையாய் நிற்பது யாது? அத்தடையை நீக்க நாம் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டு வினாக்களுக்கே இன்று விடை தேடப் புகுகின்றோம்.

நம் ஊரைச் சூழ்ந்த வயல்வெளிகளைப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடித் திங்களில் பாய்ந்துவரும் மேல்காற்றை நம்பி நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை நிறுவவும் கோடிக்கணக்கான முதல் வேண்டும். ஆதலின், காற்று நம்முடையதாயினும் அதன் ஊதியம் பெரும்பாலும் பெருமுதலாளிகளைச் சார்ந்தது. வெயிலோ அத்தகையதன்று. நூறு சதுர அடி தட்டட்டி உடையவனும் ஒரு கிலோவாட் மின்சாரத்துக்குரிய தகடுகளை அமைத்துக்கொள்ளலாம். அது நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் வரை விளைக்கும். காற்றாலையில் நம் பிள்ளைகள் காவற்காரராயினர். வெயிலிலேனும் அவர்கள் தொழிலுடையவராதல் வேண்டும்.

ஒளி படுங்கால் சில பொருள்களில் மின்சாரம் தோன்றுதலை 1839-இல் பிரான்சு நாட்டு பெக்கரல் என்பார் கண்டறிந்தார். 1954-இல் அமெரிக்க நாட்டு பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் ஆகிய சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடு 20 விழுக்காட்டுக்கும் மேலாக மாற்றுகின்றது. விலையும் பன்மடங்கு வீழ்ந்தது. ஆகவே, முன்னர் விண்கலங்களுக்கு உரியதாயிருந்த இப்பொருள் இன்று நம் கூரைக்கு வந்து சேர்ந்துள்ளது.

2024 பிப்ரவரியில் இந்திய அரசினர் பிரதமர் சூரிய கர் என்னும் திட்டத்தை அறிவித்தனர். ஒரு கோடி வீடுகளில் சூரிய மின்சாரம் அமைத்தல் அதன் நோக்கம்; 75,021 கோடி ரூபாய் அதற்கென ஒதுக்கப்பெற்றது; 2026-27 நிதியாண்டு வரை நடைபெறுமாறு வகுக்கப்பெற்றது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் இம்மானியம் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. மாட்டப்பெறும் தகடு குறித்த வகையினதாதல் வேண்டும் என்பது ஒன்று. மாட்டுவோன் பதிவுபெற்ற விற்பனையாளனாதல் வேண்டும் என்பது மற்றொன்று. பொருளுக்கு ஒரு சான்று, ஆளுக்கு ஒரு சான்று என்று இவற்றைச் சுருக்கிக் கூறலாம்.

முதற்கண் பொருளை ஆராய்வோம். தகடு வாங்கப் புகுவோன் மூன்று படிகளை அறிதல் வேண்டும். முதலாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு; படிகச் சிலிக்கன் தகடுகளுக்கு உரிய தரம் ஐ.எஸ். 14286 எனப்படும். இரண்டாவது, ஏ.எல்.எம்.எம். எனப்படும் ஒப்புதல் பெற்ற மாதிரிகளும் உற்பத்தியாளரும் அடங்கிய பட்டியல். இதற்குரிய ஆணை 2019-இலும் முதற்பட்டியல் 2021-இலும் வெளிவந்தன. இடையில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பெற்று, 2024 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது, டி.சி.ஆர். எனப்படும் உள்நாட்டு உற்பத்தி நிபந்தனை. தகட்டைப் பூட்டியது இந்தியாவில் என்றால் மட்டும் போதாது. அதனுள்ளே இருக்கும் மின்கலமும் இந்தியாவிலேயே செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். வீட்டு மானியம் பெறுதற்கு இம்மூன்றாம் படி இன்றியமையாதது.

இம்மூன்றையும் வேறு பிரித்து அறியாமையால் நேரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். அண்டையூரில் ஒரு வீட்டார், தரப்பதிவு உடையது, பட்டியலிலும் உள்ளது என்று ஒருவர் கூறியதை நம்பி, விலை குறைந்த தகடுகளை வாங்கி மாட்டினர். கூறியது பொய்யன்று. ஆயினும் உள்ளிருந்த மின்கலம் பிறநாட்டது. மானியம் வரவில்லை, விற்றவரும் பின்னர் அவ்வூர்ப்பக்கம் வரவில்லை. மலிவாக வாங்கியதில் மிஞ்சியதைக் காட்டிலும் மானியத்தில் இழந்தது பெரிதாயிற்று. ஆதலின், ஒவ்வொரு தகட்டின் முதுகிலும் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, அவ்வெண்ணுக்குரிய டி.சி.ஆர். சான்றை உற்பத்தியாளரிடமிருந்து கேட்டுப்பெற்று, தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் இணையத் தளத்தில் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துதல் நன்று.

நல்ல தகட்டைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதுமில்லை. நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில், டாடா குழுமத்தாரின் தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் தமிழக முதலமைச்சரால் தொடங்கிவைக்கப்பெற்றது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு மின்கலமும் தகடும் ஒரே வளாகத்தில் செய்யும் ஆற்றல் உடையது அது. காலையில் நம் ஊரில் பேருந்து ஏறியவர் மாலையில் மீளத்தக்க தொலைவில் இத்தகைய ஆலை இருக்க, எவரோ கொணரும் பெயரறியாத் தகட்டுக்கு நாம் ஏன் ஏமாறுதல் வேண்டும்? சிறு நிறுவுநர் ஆலையிலேயே நேரில் கொள்முதல் செய்தல் அரிது. உற்பத்தியாளர் நியமித்த விநியோகஸ்தர் வாயிலாகவே பெறுதல் வழக்கம். ஆதலின், ஐந்தாறு பேர் ஒன்றுகூடி ஒரே கொள்முதலாக எடுப்பின் விலையும் இறங்கும், வண்டிச்சத்தமும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பெற்றதையும் விலைப்பட்டியலை ஆராய்வோர் நினைவிற் கொள்க.

இனி ஆளுக்குரிய சான்றைக் காண்போம். இதுவும் மூன்று படிகளை உடையது. முதலாவது கைத்திறன். 2015 முதல் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தார் சூரியமித்ரா என்னும் பெயரில் 600 மணி நேரப் பயிற்சியை வகுத்து, பல ஊர்ப் பயிற்சி நிலையங்கள் வாயிலாகக் கட்டணமின்றி அளித்து வந்தனர். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கு அது தக்கது. இரண்டாவது உரிமம். மின் இணைப்பு வேலையை எவரும் தம் விருப்பப்படி செய்துவிடல் சட்டத்துக்கு ஒவ்வாது. வயர்மேன், மேற்பார்வையாளர், ஒப்பந்தக்காரர் ஆகியோர்க்குச் சான்று அளிப்பதற்கென்றே தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் சென்னையில் உள்ளது. மூன்றாவது, மின் பகிர்மானக் கழகத்தில் திட்டத்துக்குரிய விற்பனையாளராகப் பதிவு பெறுதல். இதற்கு 2,50,000 ரூபாய்க்கு ஐந்தாண்டு செல்லத்தக்க வங்கி உத்தரவாதம் அளித்தல் வேண்டும்.

நம் பிள்ளைகள் தடுக்கி நிற்பது இம்மூன்றாம் படியிலேதான். கைத்திறன் உண்டு, உரிமம் பெறப் பொறுமையும் உண்டு, வங்கியோ வைப்பு நிதியோ ஈடோ இன்றி உத்தரவாதம் எழுதிக்கொடுத்தல் அரிது. நாட்கூலியால் குடும்பம் நடத்தும் இளைஞன் அத்துணைப் பொருளை ஐந்தாண்டு அசையாது வைக்க இயலுமோ? இயலாமையால், பதிவுபெற்ற வேறொருவர் பெயரின் நிழலில் வேலை செய்து, இடுப்பில் கயிறுமின்றிக் கூரைவிளிம்பில் நடக்கின்றான்.

ஆயின், இவ்வுத்தரவாதம் வேண்டாத சுமை என்று எவரும் எண்ணற்க. நிறுவிய நாள் முதல் ஐந்தாண்டு பழுது பார்த்தல் விற்பனையாளர் கடமை. அக்கடமையினின்று அவர் நழுவாதிருத்தற்கே இவ்வீடு. சற்று முன் கூறிய அண்டையூராருக்கு வாய்க்காது போனது இதுவே. தகட்டின் உள்ளிருக்கும் மின்கலம் எந்நாட்டது என்பதை வாங்குவோர் கண்ணால் காண முடியாது. சுவருக்குள் செல்லும் எர்த் கம்பி மண்ணைத் தொட்டதோ என்பதையும் காண முடியாது. காண முடியாத இடத்தில் பிறர் நின்று சான்று கூறுதலே இவ்வேற்பாடுகளின் உட்பொருள். ஆகவே, நிறுவுநன் விற்பது தகட்டையன்று. ஐந்தாண்டுக்குரிய தன் சொல்லையே விற்கின்றான்.

அச்சொல் தட்டட்டியின்மேல் எவ்வாறு காக்கப்பெறும் என்பதைச் சிறிது கூறுவோம். 3 கிலோவாட்டுக்குப் பெரிய தகடுகள் ஆறேனும் வேண்டும்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் நீளமுடையது. நம் ஊர் மேல்காற்று அதனடியிற் புகின் அதுவே பாயாகிவிடும். ஆதலின் தாங்கும் சட்டகம் பிற ஊர்களினும் இங்கு உறுதியாதல் வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருத்தலின், தென்முகமாகச் சிறு சாய்வே போதும். தென்னையின் நிழலும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் எக்காலத்தும் படாத இடம் தேர்தல் வேண்டும். தகட்டின் பக்கத்துக்கும், வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும், இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும்.

மற்றொன்று: மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காத்தற்பொருட்டு, இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரி இல்லாத அமைப்பில் மின்தடைக் காலத்து விளக்கு எரியாது என்பதை முன்னரே வீட்டாருக்கு உரைத்தல் நேர்மை. அவ்வாறே, தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி அளிக்கப்படுதலின், மிகச் சிறிதே மின்சாரம் செலவிடும் வீட்டாரிடம், "அம்மா, உங்களுக்கு இது இப்போது வேண்டாம்" என்று கூறும் துணிவும் நிறுவுநனுக்கு வேண்டும். ஒரு விற்பனையை இழந்தாலும் அவன் ஒரு தெருவின் நம்பிக்கையைப் பெறுவான்.

இனி நாம் செய்யத்தக்கது யாது? நம் முன்னோர் சரக்குப் பொதிக்கு இவ்வளவென்று மகமை திரட்டினர். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினர். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தோற்றுவித்தனர். அதுவே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் பெற்றது. கடன் கொடுப்பாரின்றி நின்ற சிறு வணிகனுக்கு ஊரார் ஒன்றுகூடிப் பொறுப்பு நிற்றல் நமக்குப் புதிய பழக்கமன்று.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. நம் சங்கம் மகமை நிதியினின்று ஒரு வைப்புத் தொகையை வங்கியில் இடுக. உரிமம் பெற்ற ஒருவரையும் பயிற்சி பெற்ற நால்வரையும் கொண்ட ஒரு கூட்டு நிறுவனத்துக்கு அதனை ஈடாக வைத்து உத்தரவாதம் பெற்றுத் தருக. வைப்புக்கு வட்டி சங்கத்துக்கே வரும். அவ்விளைஞர் தாம் அமைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தகட்டின் வரிசை எண், டி.சி.ஆர். சான்று, எர்த் அளவு, பழுது பார்த்த நாள் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதி, மாதந்தோறும் இச்சங்கத்தில் காட்டுக. எந்த இனத்தார் வீடாயினும் பணி ஒன்றே ஆகுக. கதிரவன் கூரை பார்த்துக் காய்வதில்லை.

"பணம் மூழ்கிவிடின்?" என்று பெரியவர் ஒருவர் எம்மை முன்னரே வினவினார். வினவியது தக்கதே. இவ்வீடு மூழ்குவது, பிள்ளைகள் தம் கடமையைக் கைவிட்டாலன்றி நிகழாது. அதனைத் தடுக்கவே புத்தகமும் மாதக் கணக்கும் கூறினோம். நம் கண்முன் வளர்ந்து, நம் தெருவிலேயே குடியிருந்து, நாளும் நம் முகத்தில் விழிக்கவேண்டிய பிள்ளை, பழுது கேட்டால் மறைந்தோட இடமேது? வெளியூராருக்கு வங்கி ஒன்றே உத்தரவாதம். நம் பிள்ளைக்கு வங்கியோடு ஊரும் உத்தரவாதம்.

அன்பர்களே, மானியத் திட்டம் இன்று இருக்கும், நாளை மாறும். 25 ஆண்டு கழிந்த பின்னும் தொடக்க ஆற்றலில் 80 விழுக்காடு தருமென்று உற்பத்தியாளர் உறுதிகூறும் தகடுகள் நம் கூரைகளில் தங்கும். அவற்றைத் துடைக்கவும் திருத்தவும் மாற்றவும் உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த ஆளை இன்று ஆக்குவோமாயின், கூலிக்கு ஏணி சுமக்கும் கை நாளை தன் பெயரில் சீட்டு எழுதும். இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொணருமாறு அவைத்தலைவரை வேண்டி அமர்கின்றோம்.